பாம்பூ ஏன் தண்ணீராகிப் போகிறது? ஷெர்ரி காக்டெயில்களும் இனிப்பு ஒயின் பரிமாறலும் – விவாத இழை

#1 குளிர்க்கோப்பை

வணக்கம். பாம்பூ காக்டெயிலில் ஒரு சந்தேகம். அளவு இது: ஃபினோ ஷெர்ரி (ஸ்பெயினின் வலுவேற்றிய ஒயினான ஷெர்ரியில் மெல்லிய, உலர் வகை) 45 மிலி, உலர் வெர்மூத் (மூலிகை ஊறிய ஒயின்) 45 மிலி, ஆரஞ்சு பிட்டர்ஸ் (கசப்புச் சாறு) 1 டேஷ் (ஒரு தெறிப்பு), அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 1 டேஷ். கலக்கும் கிளாஸில் ஐஸ் நிரப்பி, 40 விநாடி கலக்கி வடிகட்டினால், மூக்கில் வாசனை இருக்கிறது, வாயில் ஒன்றுமில்லை. இதே முறையில் மார்டினி சரியாக வருகிறது. வெர்மூத்தைக் குறைக்க வேண்டுமா, பிட்டர்ஸைக் கூட்ட வேண்டுமா? ஷெர்ரி பாட்டில் திறந்து மூன்று வாரம், அலமாரியில் இருக்கிறது.

கூடவே இன்னொரு கேள்வி. விருந்தின் முடிவில் பெத்ரோ ஹிமேனெஸ், போர்ட் மாதிரி இனிப்பு ஒயின் கொடுக்க எந்தக் குளிர், எவ்வளவு அளவு, எந்த கிளாஸ்?

#2 அளவுகோல்

செய்முறையைத் தொடாதீர்கள், அதில் பிழை இல்லை. பிழை தண்ணீரில்.

90 மிலி பானம் 25 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்க, ஏறத்தாழ 27 கிராம் ஐஸ் உருக வேண்டும். ஃபினோ 15 சதவீதம், வெர்மூத் 18 சதவீதம் என்றால் கலவை 16.5 சதவீதம். அதில் 27 மிலி தண்ணீர் சேர்ந்தால் 12.7 ஆகிவிடும். மார்டினி 35-லிருந்து 26-க்கு இறங்கினாலும் தாங்கும், அதற்குக் கீழே இன்னும் வலு இருக்கிறது. ஷெர்ரிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. தொடக்கமே ஒயின் வலுதான்.

பலரும் மறப்பது கலக்கும் கிளாஸை. அரைக் கிலோ கனமுள்ள கிளாஸ் அறைச் சூட்டில் இருந்தால், அது முழுவதும் குளிர இன்னொரு 30 கிராம் ஐஸைத் தின்னும். இரண்டும் சேர்ந்தால் உங்கள் பாம்பூ 10 சதவீதத்தை நெருங்கிவிடும். வாயில் ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

மாற்று வழி: ஷெர்ரி, வெர்மூத் இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கலக்கும் கிளாஸையும் பரிமாறும் கிளாஸையும் ஃப்ரீசரில் 20 நிமிடம் வையுங்கள். இப்போது 0 டிகிரிக்கு இறங்க 5, 6 கிராம் ஐஸ் போதும். பெரிய கட்டி ஐஸ், மேலே ஈரமில்லாமல் உலர்ந்ததாக. 15 முதல் 20 விநாடி கலக்கி நிறுத்துங்கள். வடித்தபின் அளந்து பாருங்கள். 100 மிலி வந்தால் சரி, 115 தாண்டினால் ஏதோ ஒன்று சூடாக இருந்திருக்கிறது.

யோகோஹாமா கிராண்ட் ஹோட்டலில் 1890களில் லூயி எப்பிங்கர் பரிமாறிப் பெயர் வாங்கிய பானம் இது. இரண்டே ஒயின், சம பங்கு. மறைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை.

#3 பீப்பாய்

அளவுகோல் சொன்னது பாதி. மற்றப் பாதி உங்கள் கடைசி வரியில் இருக்கிறது: மூன்று வாரம், அலமாரி. அந்த ஃபினோ போய்விட்டது.

ஃபினோவும் அதைப்போன்ற இன்னொரு மெல்லிய ஷெர்ரியான மன்சனியாவும் பீப்பாயில் ஃப்ளோர் எனப்படும் ஈஸ்ட் படலத்துக்குக் கீழே வளர்கின்றன. அந்தப் படலம் காற்றை ஒயினில் படவிடாது. அது கிளிசராலைத் தின்றுவிடுவதால் ஒயின் மெலிந்து, உலர்ந்து நிற்கும். பச்சை ஆப்பிள், வாதுமை, கடற்காற்று போன்ற வாசனை அந்தப் படலம் உண்டாக்கும் அசிட்டால்டிஹைடிலிருந்து வருவது. பாட்டிலில் போட்டதும் படலம் இல்லை. திறந்ததும் காற்று நேராகத் தாக்கும். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் ஒரு வாரம். அலமாரியில் இரண்டு நாள் கழித்தே சரிவு தெரியும்: வெளிர்வைக்கோல் நிறம் கருக்கும், உவர்ப்பு மங்கும், பின்வாயில் வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் சுவை மட்டும் மிஞ்சும்.

அமோன்டியாடோ என்ற ஷெர்ரி முதலில் படலத்துக்குக் கீழே, பிறகு காற்றில் வளர்வது. ஃப்ரிட்ஜில் இரண்டு, மூன்று வாரம் நிற்கும். ஒலொரோசோ என்ற வகை தொடக்கத்திலேயே 17 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் ஏற்றி, படலமே பிடிக்காதபடி செய்து, ஆண்டுக்கணக்கில் காற்றோடு பழகியது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும். பெத்ரோ ஹிமேனெஸை இனி பிஎக்ஸ் என்றே சொல்கிறேன். அதன் சர்க்கரையே காவல், இரண்டு மாதம் வரை கவலை வேண்டாம்.

மிச்சம் இருக்கும் ஃபினோவைச் சின்ன பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடி, நிறுத்தி வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஆயுள் கூடும். வாங்கும்போதே 375 மிலி அரைப் பாட்டில் கிடைத்தால் அதுதான் நல்லது. பாட்டிலில் அடைத்த தேதி லேபிளில் இருந்தால் பாருங்கள், ஓராண்டுக்குள் இருக்கட்டும்.

வெர்மூத்தும் ஒயின்தான். அதுவும் ஃப்ரிட்ஜுக்குள். மாதம் ஒன்று தாண்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

#4 எலுமிச்சைத்தோல்

எந்த ஷெர்ரி எதற்கு என்பதையும் சொல்லிவிடலாம், பெரும்பாலான சொதப்பல் அங்கேதான் தொடங்குகிறது.

ஃபினோ, மன்சனியா: கலக்கி வடிக்கும் மெல்லிய பானங்களுக்கு. பாம்பூ ஒன்று. அடோனிஸ் இன்னொன்று: ஃபினோ 45, இனிப்புச் சிவப்பு வெர்மூத் 45, ஆரஞ்சு பிட்டர்ஸ் 2 டேஷ், மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து எண்ணெய் தெளித்தால் போதும். வெர்மூத் கனமானதாக இருந்தால் ஃபினோவை 60-க்கு ஏற்றி வெர்மூத்தை 30-க்கு இறக்குங்கள், இல்லையென்றால் ஷெர்ரி காணாமல் போகும்.

ரெபுஹீத்தோவும் இந்த வகையில்தான். ஸ்பெயினின் செவியா நகர ஏப்ரல் திருவிழாவில் குடம் குடமாக ஓடும் பானம். மன்சனியா ஒரு பங்கு, எலுமிச்சை சோடா இரண்டு பங்கு, நிறைய ஐஸ், புதினா. சோடாவே இனிப்பு, தனியாகச் சர்க்கரை வேண்டாம். புதினாவை இடிக்காமல் உள்ளங்கையில் ஒருமுறை தட்டிப் போடுங்கள். இடித்தால் பச்சைக் கசப்பு இறங்கி மன்சனியாவின் உவர்ப்பை மூடிவிடும். இரண்டு திரவமும் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும், வாயு நிற்பதும் அதனால்தான்.

அமோன்டியாடோ: கோப்ளர். அமெரிக்காவில் 1830களில் பரவியது, பான உறிஞ்சுகுழல் பழக்கமானதில் இதற்குப் பெரிய பங்கு. அமோன்டியாடோ 90 மிலி, கெட்டிச் சர்க்கரைப் பாகு (சர்க்கரை 2, தண்ணீர் 1) 10 முதல் 15 மிலி, ஆரஞ்சு வில்லை 2. ஐஸோடு 8 விநாடி குலுக்கி, பொடித்த ஐஸ் குவித்த கிளாஸில் வடிக்கவும். பழங்களை மேலே அடுக்கிக் குழல் செருகவும்.

ஃபினோவில் கோப்ளர் செய்ய வேண்டாம். பொடித்த ஐஸுக்கு மேற்பரப்பு அதிகம், ஏற்கெனவே ஈரமும் அதிகம். குடித்து முடிப்பதற்குள் 40, 50 மிலி தண்ணீர் இறங்கும். அதைத் தாங்குவது அமோன்டியாடோ, ஒலொரோசோ மட்டுமே.

ஒலொரோசோ: விஸ்கி, ரம், பிராந்தியோடு சேரும். ஃப்ளோர் தின்னாததால் கிளிசரால் மிச்சம், வாயில் கொழுப்பான உணர்வு. சர்க்கரை இல்லாமலே இனிப்பதுபோல் தோன்றும்.

#5 அளவுகோல்

கோப்ளரில் ஒரு மாற்றுக்கருத்து. ஆரஞ்சு வில்லையோடு குலுக்கும்போது தோலின் உட்புற வெள்ளைப் பகுதியும் சிதைகிறது. 8 விநாடியில் அது சிக்கலில்லை. 15 விநாடி வன்மையாகக் குலுக்கினால், அல்லது முதலிலேயே மத்தால் நசுக்கினால், கசப்பு இறங்கிவிடும். அமோன்டியாடோவின் கொட்டைச் சுவையும் அந்தக் கசப்பும் சேர்ந்து வாயை இழுக்கும். ஆரஞ்சு தடித்த தோல் உள்ளதாக இருந்தால் வில்லையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மேல்தோலை மட்டும் சீவி ஒரு துண்டு போடலாம்.

#6 குளிர்க்கோப்பை

புது அரைப் பாட்டில், எல்லாம் 5 டிகிரி, 18 விநாடி. வடித்தது 101 மிலி. முற்றிலும் வேறு பானம்! உவர்ப்பு கடைசிவரை நிற்கிறது. நன்றி.

க்ரீம் ஷெர்ரி என்று லேபிள் போட்ட பாட்டில் ஒன்றும் இருக்கிறது. அதை அமோன்டியாடோவுக்குப் பதிலாக எடுக்கலாமா? எலுமிச்சை சேர்த்த சவர் செய்ய என்ன விகிதம்?

#7 பீப்பாய்

நேரடியாக மாற்ற முடியாது. க்ரீம் என்பது பெரும்பாலும் ஒலொரோசோவோடு பிஎக்ஸ் சேர்த்தது. ஷெர்ரியின் சொந்த ஊரான ஹெரெஸின் விதிப்படி அதில் லிட்டருக்கு 115 முதல் 140 கிராம் சர்க்கரை. உலர் அமோன்டியாடோவில் 5 கிராமுக்கும் குறைவு. 90 மிலி க்ரீமில் மட்டுமே 10 முதல் 12 கிராம் சர்க்கரை வந்துவிடுகிறது. கோப்ளருக்கு எடுத்தால் பாகை முழுவதும் நீக்கிவிட்டு 10 மிலி எலுமிச்சைச் சாறு சேருங்கள். பாம்பூவிலோ அடோனிஸிலோ ஊற்றினால் பிசுபிசுக்கும், அங்கே இடமே கொடுக்காதீர்கள்.

லேபிளில் கவனிக்க வேண்டியவை: மீடியம் என்றால் 5 முதல் 115 கிராம்வரை எதுவும் இருக்கலாம், ஆகவே சுவைத்தபிறகே அளவு. பேல் க்ரீம் 45 முதல் 115. பிஎக்ஸ் குறைந்தது 212, நடைமுறையில் 400-க்கு அருகே. 2012-க்குப் பிறகு ஒலொரோசோ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உலர்ந்தது. இனிப்பு கூட்டியதை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று விதி மாறியது. பழைய பாட்டில் கைக்கு வந்தால் இந்த நம்பிக்கை செல்லாது.

சமையல் ஷெர்ரி என்று வருவதில் உப்பு சேர்த்திருப்பார்கள். கிளாஸ் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

சவர்: உலர் அமோன்டியாடோ 75 மிலி, எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவான பாகு 20. க்ரீம் என்றால் 75, சாறு 22, பாகு 5 போதும். ஷெர்ரியில் இயல்பான புளிப்பு குறைவு என்பதால் சாறைக் குறைத்தால் சப்பென்று இருக்கும். கூட்டினால் ஒயினை விழுங்கிவிடும். 20-ஐ ஒட்டியே நில்லுங்கள்.

#8 சொட்டுக்கணக்கு

பாகுக்குப் பதில் பிஎக்ஸ் ஊற்றலாம் என்று பலர் சொல்வார்கள், சம அளவு மாற்று என்று நினைத்தால் கணக்கு தவறும். எடையில் சம அளவுப் பாகில் லிட்டருக்கு 615 கிராம் சர்க்கரை. 15 மிலியில் 9 கிராம். அதே இனிப்புக்கு, லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை உள்ள பிஎக்ஸ் 23 மிலி வேண்டும். 23 மிலி ஊற்றினால் உலர்திராட்சை, அத்தி, காப்பி வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் பாதி பிஎக்ஸ், பாதி பாகு.

விஸ்கி ஓல்டு ஃபேஷன்டு: போர்பன் 60, பிஎக்ஸ் 7.5, அங்கோஸ்டுரா 2 டேஷ், பெரிய ஐஸ், ஆரஞ்சுத் தோல். 10-க்கு மேல் போனால் அது பிஎக்ஸ் பானம், விஸ்கி பானமல்ல. கெட்டியான பிஎக்ஸ் ஜிக்கரில் (அளவுக் கிண்ணத்தில்) ஒட்டிக்கொள்ளும், ஆகவே பிஎக்ஸை முதலில் அளந்து, அதே ஜிக்கரில் விஸ்கியை ஊற்றி அலசுங்கள். 7.5 மிலியில் ஒன்றரை மிலி ஜிக்கரிலேயே நின்றால் ஐந்தில் ஒரு பங்கு இனிப்பு போயிற்று.

#9 எலுமிச்சைத்தோல்

ஃப்ளிப் விட்டுப்போகக் கூடாது. ஷெர்ரிக்கு இதைவிட நல்ல துணை குறைவு. உலர் ஒலொரோசோ 60, கெட்டிப் பாகு 15, முழு முட்டை 1. ஐஸ் இல்லாமல் 10 விநாடி குலுக்கி, பிறகு ஐஸ் போட்டு 12 முதல் 15 விநாடி. நெருக்கமான வலையில் வடித்து, மேலே ஜாதிக்காய் அப்போதே துருவ வேண்டும். துருவி வைத்த பொடியில் எண்ணெய் பறந்திருக்கும், முட்டை வாடையை அது மூடாது.

தவறுவது இரண்டு இடத்தில். பெரிய முட்டை 60 கிராம் தாண்டினால் பானம் ஆம்லெட் மணக்கும். அப்போது முட்டையை அடித்து 45 மிலி மட்டும் அளந்து எடுங்கள். இரண்டாவது, வடித்து வைத்துவிட்டுத் தாமதித்தால் நுரை மேலேயும் நீர் கீழேயும் பிரியும், உடனே கொடுக்க வேண்டிய பானம்.

பச்சை முட்டைக்கு இந்த ஆல்கஹால் வலு பாதுகாப்பு ஆகாது. கர்ப்பிணிகளுக்கு எந்த மதுவும் கூடாது என்பது ஒருபுறம். முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் பாஸ்டரைஸ் செய்த முட்டை.

#10 கடைசிமிடறு

இனிப்பு ஒயின் கேள்வி இன்னும் நிற்கிறது, அதற்கு வருகிறேன்.

குளிர் முதலில். இனிப்பு ஒயினை 25 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் குத்தும், சர்க்கரை நாக்கில் படிந்து இரண்டாவது மிடறிலேயே தெவிட்டும். 4 டிகிரியில் ஊற்றினால் இனிப்பு அடங்கும், வாசனையும் சேர்ந்து அடங்கும். நடுவில் நில்லுங்கள்: பிஎக்ஸ், மோஸ்காட்டெல் (இன்னொரு இனிப்பு ஷெர்ரி), க்ரீம் 10 முதல் 14 டிகிரி. மரத்தில் முதிர்ந்த டானி போர்ட் 12 முதல் 14. ரூபி, எல்பிவி (தாமதமாகப் பாட்டிலில் அடைத்தது), விண்டேஜ் ஆகிய போர்ட் வகைகள் 16 முதல் 18. ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலைப் பரிமாறுவதற்கு 20, 30 நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் ஷெர்ரிக்குப் போதும். ஊற்றியபிறகு கிளாஸில் வேகமாகச் சூடேறும், ஆகவே இலக்கைவிட இரண்டு டிகிரி குறைவாகவே தொடங்குங்கள்.

அளவு 60 முதல் 75 மிலி. 20 சதவீதப் போர்ட் 75 மிலியில் 15 மிலி தூய ஆல்கஹால் இருக்கிறது. மேலே பேசிய பாம்பூவிலும் கிட்டத்தட்ட அதே 15 தான். விருந்தில் இரண்டும் கொடுத்தால் 60 மிலி விஸ்கியைவிடக் கூடிப்போகும் என்பது நினைவிருக்கட்டும். லேசான பானம் என்ற பெயர் ஏமாற்றும்.

கிளாஸ்: கட்டைவிரல் அளவுக் குட்டி கிளாஸ் வேண்டாம். விளிம்புவரை நிரம்பினால் வாசனை சேர இடமில்லை. வெள்ளை ஒயின் கிளாஸில் கால் பங்கு ஊற்றுங்கள். ஹெரெஸில் பயன்படும் கத்தாவீனோ என்ற கிளாஸும் குறுகிய வாயுள்ளதுதான், அதில் மூன்றில் ஒரு பங்கு. ஃபினோவுக்கும் இதே கிளாஸ், குளிர் மட்டும் 7 முதல் 9.

பலகாரத்தோடு வைக்கும்போது ஒரு விதி மாறாது: ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒயின் புளித்தும் மெலிந்தும் தெரியும். பாகில் ஊறிய இனிப்புக்கு முன் ரூபி போர்ட் நிற்காது, பிஎக்ஸ் நிற்கும். கறுப்பு சாக்லேட்டுக்கு ரூபி, பன்யுல்ஸ் (பிரெஞ்சு இனிப்பு ஒயின்), பிஎக்ஸ். கொட்டை, கேரமல் வகைக்கு டானி, அமோன்டியாடோ மீடியம், புவால் மதெய்ரா (மதெய்ரா தீவின் வலுவேற்றிய ஒயினில் ஓர் இனிப்பு வகை). நீலப் பாலாடைக்கட்டிக்கு எந்த இனிப்பு ஒயினும் பொருந்தும், அங்கே உப்பு வேலை செய்கிறது.

வெனிலா ஐஸ்கிரீம் இரண்டு கரண்டிக்கு பிஎக்ஸ் 30 மிலி, மேலே சிட்டிகை உப்புச் செதில். பிஎக்ஸ் இங்கே ஃப்ரிட்ஜ் குளிரில் இருந்தால் ஐஸ்கிரீம் மேல் கெட்டியாகத் தங்கும். அறைச் சூட்டில் ஊற்றினால் உருக்கிக்கொண்டு அடியில் குளமாகும்.

#11 பீப்பாய்

போர்ட்டைப் பற்றிச் சேர்க்கிறேன், அதில் ஆயுள் வகைக்கு வகை மாறும். புளித்துக்கொண்டிருக்கும் ஒயினில் 77 சதவீத திராட்சை ஸ்பிரிட் ஊற்றி நொதித்தலை நிறுத்துவதால் சர்க்கரை உள்ளே தங்குகிறது. பிறகு எங்கே முதிர்ந்தது என்பதே கணக்கு. மரத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்த டானி, திறந்தபின் மூன்று, நான்கு வாரம் நிற்கும். வடிகட்டிய எல்பிவி ஒரு வாரம். விண்டேஜ் பாட்டிலிலேயே காற்றில்லாமல் முதிர்ந்தது, திறந்தால் இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும்.

விண்டேஜில் மண்டி இருக்கும். பாட்டிலை ஒரு முழுநாள் நிறுத்தி வையுங்கள், படுத்திருந்தபோது பக்கவாட்டில் ஒட்டியது அடிக்கு இறங்கட்டும். கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து, ஒரே சாய்ப்பில், நிறுத்தாமல் இறுத்துங்கள். இடையில் நிமிர்த்தினால் அலை திரும்பி மண்டியைக் கிளப்பும். தோள்பகுதியில் கறுப்புக் கோடு எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிடுங்கள், 30 முதல் 50 மிலி போனால் போகட்டும். பழைய கார்க் உதிர்ந்தால் கழுவிய மஸ்லின் துணியில் வடிக்கலாம். காப்பி வடிதாள்தான் கையில் இருக்கிறது என்றால் முதலில் வெந்நீர் ஊற்றி அலசுங்கள், இல்லாவிட்டால் காகித வாடை ஏறும்.

மதெய்ராவுக்கு இந்தப் பதற்றமே இல்லை. செய்யும்போதே சூட்டிலும் காற்றிலும் வாட்டி எடுத்தது. திறந்து மாதங்கள் ஆனாலும் குணம் மாறாது. எப்போதாவது ஒரு கிளாஸ் குடிக்கிறவர்களுக்கு அதுவே சரியான பாட்டில்.

#12 குளிர்க்கோப்பை

எட்டுப் பேருக்குப் பாம்பூவை முன்பே கலந்து பாட்டிலில் வைக்கலாமா? ஃப்ரீசரில் வைத்தால் ஐஸே தேவைப்படாதே?

#13 அளவுகோல்

முன்பே கலக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. தண்ணீர் கலந்தபின் வலு 15 சதவீதம். அது மைனஸ் 6 டிகிரிக்கு அருகிலேயே உறையத் தொடங்கும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18. முதலில் கூழாகும், பிறகு பாட்டில் விரிசல் விடும். ஜின் பானங்களுக்குச் சரியான முறை இங்கே ஒத்துவராது.

எட்டுப் பேருக்கு: ஃபினோ 360 மிலி, உலர் வெர்மூத் 360, தண்ணீர் 75, ஆரஞ்சு பிட்டர்ஸ் 6 டேஷ், அங்கோஸ்டுரா 6 டேஷ். பிட்டர்ஸை எட்டாகப் பெருக்காமல் நிறுத்தியிருக்கிறேன், பாட்டிலில் ஊறும்போது அதன் கசப்பு முன்னுக்கு வரும். குறைவாகத் தெரிந்தால் ஊற்றும்போது கிளாஸில் ஒரு டேஷ் சேர்ப்பது எளிது, எடுக்க முடியாது. தண்ணீர் நல்ல குடிநீராக இருக்கட்டும், குளோரின் வாடை ஃபினோவில் உடனே தெரியும்.

மொத்தம் 800 மிலி சொச்சம் வரும். ஒரு 750 மிலி பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் அடையுங்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் நான்கு மணி நேரம். பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பு, ஐஸும் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் போட்ட வாளியில் பாட்டிலை இறக்கினால் 0 டிகிரிக்குக் கீழே போகும், உறையாது. கிளாஸ்கள் ஃப்ரீசரிலிருந்து வரட்டும்.

#14 சொட்டுக்கணக்கு

எலுமிச்சைத் தோலை அந்தப் பாட்டிலுக்குள் போடாதீர்கள். நான்கு மணி நேரத்தில் தோலின் கசப்பு இறங்கிவிடும். ஒவ்வொரு கிளாஸ் மேலும் தனித்தனியாகப் பிழிந்து, தோலை அப்புறப்படுத்திவிடுங்கள். கலந்த பாட்டில் மிஞ்சினால் மறுநாள்வரை, அதற்குமேல் வேண்டாம்.